கியூஆர் அட்டையில் யார் பெயர் இருக்கிறது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் முகப்பேர் பகுதி குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



கியூஆர் கோடு பற்றி நீ பேசு என்று என்னிடம் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி முகப்பேருக்கு வந்தவள். வீட்டு வேலை முடிந்த நேரத்தில் புடவைக்கு ஃபால் தைக்கிறேன், முந்தானைக்குக் குச்சு கட்டுறேன். நம் கூட்டமைப்பு கொடுத்த பயிற்சிக்குப் பிறகு எங்கள் குழுவில் இருக்கும் 12 பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கியூஆர் போட்டுக் கொடுத்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம்மில் பாதிப் பேர் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க. கார் சாமான் செய்கிற கம்பெனிகள் அங்கே நிறைய. இந்த கியூஆர் கோடும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான் பிறந்தது. ஜப்பானில் 1994-ல் டென்சோ என்ற கம்பெனியில் மசாஹிரோ ஹரா என்ற இன்ஜினியரும் அவர் கூட இருந்தவங்களும் இதைச் செய்தாங்க. எந்தப் பெட்டியில் எந்த சாமான் இருக்கு என்று சட்டென்று தெரிஞ்சுக்கத்தான் செய்தாங்க. பழைய கோடு கோடான பார்கோடில் கொஞ்சம் விஷயம்தான் அடங்கும். இதில் நிறைய அடங்கும். உரிமை எங்களுடையது, காசு கொடுத்தால்தான் பயன்படுத்தலாம் என்று அந்தக் கம்பெனி சொல்லவில்லை. அதனால்தான் இன்று பூக்கடை வரைக்கும் வந்திருக்கு.

பணம் அனுப்பும் யூபிஐ நம் நாட்டில் 2016 ஏப்ரலில் வந்தது. தேசியக் கொடுப்பனவுக் கழகம் என்ற நிறுவனம் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இதை நடத்துது. அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அரிசிப் பானையிலும், அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும், மடித்து வைத்த பட்டுப் புடவைக்குள்ளும் இருந்த சிறுவாட்டுக் காசு எல்லாம் அப்போதான் வெளியே வந்தது. நம் அம்மாக்கள் பத்து வருஷம், இருபது வருஷம் சேர்த்த காசை வீட்டு ஆம்பளைங்க கையில் கொடுத்து, மாத்திக் கொண்டு வாங்க என்று சொல்ல வேண்டியதாப் போச்சு. சிலருக்குத் திரும்பி வந்தது. சிலருக்கு வரவே இல்லை. இதை ஏன் சொல்றேன் என்று பின்னால் புரியும்.

கியூஆர் கோடுக்குள் என்ன இருக்கு? நிறைய அக்கா பயப்படுறது இங்கேதான். அதில் நம் பணம் இல்லை. பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கு என்ற கணக்கும் இல்லை. ரகசிய எண்ணும் இல்லை. நம் யூபிஐ முகவரியும் நம் பெயரும் மட்டும்தான் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கு. அது வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. கதவு நம்பர் தெரிஞ்சவர் தபால் போடலாம், ஆனா உள்ளே வந்து பீரோவைத் திறக்க முடியாது. பீரோ சாவி என்பது பின் நம்பர். அந்தச் சாவி நம்மகிட்ட மட்டும்தான் இருக்கணும். இந்த ஒன்று மனசில் பதிஞ்சுட்டா பாதி பயம் போயிடும்.

இப்போ நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். உங்கள் கடையில், உங்கள் தையல் மெஷின் பக்கத்தில், உங்கள் மாவு பாக்கெட் விற்கிற வாசலில் ஒட்டியிருக்கிற கியூஆர் யார் பெயரில் இருக்கு?

எங்கள் குழுவில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா இருக்காங்க. காலையில் 4 மணிக்கு கிரைண்டர் போடுவாங்க. ஏரித் திட்டம் பக்கம் இருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்கு தினமும் மாவு போகும். வாங்கறவங்க எல்லாரும் போனில்தான் பணம் போடுவாங்க. அக்காவிடம் டச் போன் இல்லை என்று பையன் தன் பெயரில் கியூஆர் எடுத்து ஒட்டிக் கொடுத்தான். நல்ல பையன்தான், கேட்டால் பணம் எடுத்துக் கொடுத்துடுவான். இரண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டு அக்கா வங்கிக்குப் போனாங்க. ஆறு மாச ஸ்டேட்மென்ட் கேட்டாங்க. அக்கா கணக்கில் மாசம் ஒருமுறை வருகிற உரிமைத் தொகை 1000 ரூபாயும், கேஸ் மானியமும் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருஷம் அரைச்ச மாவு ஒரு படி கூட அந்தப் பாஸ்புக்கில் இல்லை. உழைச்சது அம்மா, வியாபாரம் செய்ததாகக் கணக்கு இருப்பது பையனுக்கு.

இதில் யாரும் ஏமாத்தவில்லை, யாரும் திருடவில்லை. ஆனாலும் அக்காவுடைய உழைப்புக்கு அத்தாட்சி இல்லாமப் போச்சு. கையில் காசு வாங்கின காலத்தில் நம் வருமானத்தை நிரூபிக்க வழியே கிடையாது. இப்போ வழி இருக்கு. ஒவ்வொரு 60 ரூபாய் மாவு பாக்கெட்டும், ஒவ்வொரு 100 ரூபாய் ஃபாலும் தேதி போட்டு, நேரம் போட்டுப் பதிவாகுது. அது யார் கணக்கில் பதிவாகுது என்பதுதான் கேள்வி.

நம் அம்மாக்கள் சிறுவாட்டுக் காசை ஒளிச்சு வைத்தாங்க. வேறு இடம் இல்லை, அதனால் ஒளிச்சாங்க. நமக்கு ஒளிக்க வேண்டியதில்லை. நம் பெயரில் கணக்கு இருக்கு. 2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்கு ஆரம்பிச்சாங்க. 2023 செப்டம்பர் 15-ம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்போ கணக்கு இல்லாதவங்களும் கணக்கு தொடங்கினாங்க. கணக்கு ஏற்கெனவே இருக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு வாசல் வைக்கிறதுதான் கியூஆர்.

வீட்டில் இதைப் பேசும்போது, "ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பாங்க. என் வீட்டுக்காரரும் கேட்டார். "உன் கணக்கு என் கணக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்னா என் பேர்லயே இருக்கட்டுமே" என்று சொன்னேன். சிரிச்சுட்டார். இது சண்டைக்கான விஷயம் இல்லை அக்கா. கடன் வாங்க, பிள்ளைகள் படிப்புக்குக் காட்ட, நாளைக்கு நம் வியாபாரம் பெரிசாக அது ஆதாரம். நல்ல விதமாகச் சொன்னால் புரிஞ்சுப்பாங்க.

சரி, எப்படி எடுப்பது? மூன்று விஷயம் தயாரா வெச்சுக்கோங்க. உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கில் பதிவான மொபைல் நம்பரின் சிம், உங்கள் போனிலேயே இருக்கணும். ஏடிஎம் கார்டு, இல்லேன்னா ஆதார். எங்கள் குழுவில் 12 பேரில் 5 பேருக்கு இரண்டாவதில்தான் தடங்கல் வந்தது. வங்கியில் வீட்டுக்காரர் நம்பர் இருந்தது, இல்லேன்னா எப்போதோ தொலைஞ்ச பழைய நம்பர் இருந்தது. அதை போனில் மாத்த முடியாது. கிளைக்கு நேரில் போய், பாஸ்புக்கும் ஆதாரும் காட்டி, படிவம் எழுதிக் கொடுத்து உங்கள் நம்பரைப் பதிவு பண்ணுங்க. ஒரு நாள் அலைச்சல்தான். அதைச் செய்யாம மேலே போகாதீங்க.

பிறகு பீம், ஜிபே, போன்பே, பேடிஎம் இப்படி ஏதாவது ஒரு ஆப்பை பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் எடுங்க. வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புகிற லிங்கில் எடுக்கவே கூடாது. மொழியைத் தமிழ் என்று மாத்திக்கோங்க. நம்பரைச் சரிபார்க்க போனே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் இங்கேயே நின்னுடும். அடுத்து வங்கியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணக்கு தானாக வரும். ஏடிஎம் கார்டின் கடைசி 6 எண்ணும், கார்டு முடியும் மாசம் வருஷமும் போட்டு பின் நம்பர் வைக்கலாம். கார்டு இல்லாதவங்க ஆதார் வழியாகவும் வைக்கலாம், ஆனா ஆதாரிலும் வங்கியிலும் ஒரே நம்பர் இருக்கணும். பின் நம்பர் 4 எண் அல்லது 6 எண். பிறந்த வருஷம் வைக்காதீங்க. போன் கவருக்குள் எழுதி வைக்காதீங்க.

முடிந்ததும் ஆப்பின் மேலே ஓரத்தில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் கியூஆர் தெரியும். அதைச் சேமித்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டுக்கலாம். சுற்றி இருக்கும் வெள்ளை ஓரத்தை வெட்டிடாதீங்க. அந்த வெள்ளை இருந்தால்தான் கட்டம் எங்கே ஆரம்பிக்குது என்று கேமராவுக்குத் தெரியும். மூன்று மூலையில் பெரிய கட்டம் இருக்கு பாருங்க, எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று காட்டுவது அதுதான். நடுவில் கொஞ்சம் கறை பட்டாலும் கியூஆர் படிக்கும், அப்படித்தான் அதைச் செய்திருக்காங்க. மூலை மறைஞ்சா படிக்காது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவங்க அட்டையின் ஓரத்தில் வைங்க, கட்டத்தின் மேல் வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன்னால் வேறு ஒரு போனில் இருந்து 1 ரூபாய் போட்டுப் பாருங்க. ஸ்கேன் செய்கிறவர் போனில் உங்கள் பெயர் வருதா, உங்கள் கணக்கில் ரூபாய் சேருதா என்று பார்த்தபிறகு ஒட்டுங்க.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். சில ஆப்பில் நம் போன் நம்பரே யூபிஐ முகவரியாக இருக்கும். பணம் போடுகிற எல்லாருக்கும் அந்த நம்பர் தெரியும். எங்கள் தெருவில் ஒரு தங்கைக்கு இப்படி நம்பர் எடுத்து ராத்திரி பத்து மணிக்கு யாரோ தொந்தரவு பண்ணினாங்க. பாவம், அந்தப் பொண்ணு அட்டையையே கழட்டிட்டா. கழட்ட வேண்டியதில்லை. நம்பர் இல்லாமல் பெயரோ கடைப் பெயரோ வைத்து வேறு முகவரி எடுக்க பீம் போன்ற ஆப்பில் வசதி இருக்கு. அதற்கு ஒரு கியூஆர் எடுத்து ஒட்டினால் போதும்.

வியாபாரம் கொஞ்சம் பெரிசா நடக்குதுன்னா வங்கியிலோ ஆப் கம்பெனியிலோ வணிகர் கியூஆர் வாங்கலாம். ஆதார், பான் கார்டு, பாஸ்புக் கேட்பாங்க. இதில் ஒரு நல்லது, டச் போன் இல்லாத அக்காவும் வைக்கலாம். பணம் நேராகக் கணக்குக்குப் போயிடும். பணம் வந்ததைச் சொல்கிற சவுண்ட் பாக்ஸ் தமிழிலும் பேசும், அடுப்படியில் இருந்தே கேட்டுக்கலாம். ஆனா அதற்கு மாச வாடகை உண்டு. எவ்வளவு என்று கேட்டு, நம் லாபத்தில் அது கட்டுப்படியாகுமா என்று பார்த்து வாங்குங்க. வாங்கறவங்க வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் நேராகப் பணம் போட்டால், அதற்காக வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் இருக்கும் விதி. நூற்றுக்கு இவ்வளவு பிடிப்போம் என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேளுங்க.

அடுத்து குழு விற்பனை. கண்காட்சியில், கல்லூரிச் சந்தையில் நம் குழுக்கள் கடை போடுறோம். அங்கே யார் கியூஆர் வைப்பது? பெரும்பாலும் தலைவி அக்காவின் சொந்த கியூஆர்தான் வைக்கிறோம். அது அவங்களுக்கும் கஷ்டம், குழுவுக்கும் கஷ்டம். அவங்க வீட்டுப் பணமும் குழுப் பணமும் கலந்துடும், பின்னால் வீண் பேச்சு வரும். நம் குழுக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எடுக்கிற கணக்கு. அதில் இருந்து ஒருத்தர் மட்டும் தனியாக யூபிஐயில் பணம் அனுப்ப முடியாது. அது நமக்குப் பாதுகாப்புதான். ஆனா பணம் வாங்குவதற்கு மட்டும் குழுப் பெயரில் கியூஆர் தரமுடியுமா என்று நம் கிளையில் தீர்மான நகலோடு கேளுங்க. கிடைக்கும் வரைக்கும் தலைவியின் கியூஆரில் வாங்கினால், அன்றைக்கே சாயங்காலம் மொத்தத் தொகையைக் குழுக் கணக்குக்கு மாத்தி, ரொக்கப் புத்தகத்தில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வைங்க.

இப்போ ஏமாற்று வேலைகள். நாலே நாலு சொல்றேன்.

முதலாவது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேன் பண்ணவும் தேவையில்லை. "அக்கா, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது திருட்டு. ராணுவத்தில் இருக்கேன், பெரிய ஆர்டர் தர்றேன் என்று சொல்லிக்கூட பேசுவாங்க. பின் போட்டால் பணம் நம்மிடம் இருந்து போகும், நமக்கு வராது.

இரண்டாவது. வாடிக்கையாளர் போனில் காட்டும் பச்சை டிக் பணம் இல்லை. அது படமாக இருக்கலாம், பொய் ஆப்பாகவும் இருக்கலாம். நம் போனில் நம் ஆப்பைத் திறந்து பார்த்தபிறகுதான் மாவைக் கொடுங்க. உண்மையாகவே அவங்க கணக்கில் பிடித்து நமக்கு வராமல் போவதும் உண்டு. அப்போ சண்டை போடாதீங்க. ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், வணிகருக்கு அனுப்பியது என்றால் 5 நாளுக்குள் அவங்க கணக்குக்கே தானாகத் திரும்பணும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தரணும்.

மூன்றாவது. நம் அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிடுவது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் கியூஆர் மேல் வேறு கியூஆரை ஒட்டிட்டுப் போனாங்க. ஸ்கேன் செய்யும்போது வேறு பெயர் வருதே என்று ஒரு மருந்துக் கடையில் வாடிக்கையாளர் சொன்னதால்தான் அந்தக் கடையில் தெரிஞ்சது. அதனால் காலையில் கடை திறக்கும்போது அட்டையைக் கையால் தடவிப் பாருங்க. முடிந்தால் ராத்திரி உள்ளே எடுத்து வைங்க. முதல் வாடிக்கையாளரிடம், "என்ன பேர் வருதுப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

நாலாவது. வங்கியில் இருந்து பேசுறேன் என்று ஓடிபி கேட்டால், போன் திரையைக் காட்டும் ஆப்பைப் போடச் சொன்னால், உடனே வெச்சுடுங்க. பணம் போயிடுச்சுன்னா அழுதுகிட்டு உட்காராதீங்க. 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. பிறகு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்க. போன் தொலைஞ்சால் சிம்மை முதலில் நிறுத்துங்க.

இன்னொரு பயம் இருக்கு, வரி. 2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு அவங்க யூபிஐ வரவைப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. பல கடையில் கியூஆரைக் கழட்டி, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தாங்க. அதை டிவியில் பார்த்துட்டு எங்கள் குழுவிலும் இரண்டு பேர் கழட்டிடலாமா என்று கேட்டாங்க. கணக்கு என்ன என்று பாருங்க. பொருள் விற்கிறவங்க வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல், தையல் மாதிரி சேவை செய்கிறவங்க 20 லட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்தால்தான் ஜிஎஸ்டியில் பதியணும். 40 லட்சம் என்றால் ஒரு நாள் தவறாமல் தினமும் 10,000 ரூபாய்க்கு மேல் மாவு விற்கணும். அப்படி விற்றால் நான் முதல் ஆளாக வந்து மாலை போடுவேன். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். சொந்தக்காரங்க கைமாத்து, சீட்டுப் பணம் இதையெல்லாம் வியாபாரக் கணக்கில் கலக்காம இருங்க. குழுவில் எழுதிப் பழகின மாதிரி ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்க.

தெருவோரம் கடை போடுகிறவங்களுக்கு 2020 ஜூனில் ஸ்வநிதி கடன் திட்டம் வந்தது. முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று கொடுத்தாங்க. போனில் பணம் வாங்கினால் கேஷ்பேக்கும் உண்டு என்றாங்க. அதாவது நாம் ஒழுங்காக வாங்கி, ஒழுங்காகக் கட்டுறோம் என்று தெரிஞ்சால் அடுத்த கடன் பெரிசாகுது. இது நமக்குப் புதுசு இல்லை. குழுவில் மாசாமாசம் சேமித்து, உள்கடன் வாங்கி, கட்டி, அந்தக் கணக்கைக் காட்டித்தானே வங்கியில் கடன் வாங்கினோம்? குழுவுக்கு இருக்கும் அந்த நல்ல பேரை இப்போ தனித்தனியாக ஒவ்வொரு அக்காவும் சம்பாதிக்கலாம்.

மாவு அக்கா இப்போ வங்கியில் தன் நம்பரைப் பதிவு பண்ணி, தன் பெயரில் கியூஆர் வெச்சிருக்காங்க. பையன்தான் கூட இருந்து செய்து கொடுத்தான். நாலு மாசம் ஆச்சு. இன்னும் கடன் வரவில்லை, ஆறு மாசம் ஆகட்டும் என்று காத்திருக்காங்க. ஆனா போன வாரக் கூட்டத்தில் பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாங்க. 60, 120, 60, 30 என்று பக்கம் பக்கமா இருந்தது. இவ்வளவா விற்கிறேன் என்று அவங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிஞ்சது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவதற்குள் உங்கள் கியூஆரைப் பக்கத்து வீட்டுப் போனில் ஸ்கேன் பண்ணிப் பாருங்க. யார் பெயர் வருது என்று பார்த்துட்டு வாங்க. உங்கள் பெயர் வந்தால் சந்தோஷம். வேறு பெயர் வந்தால் பாஸ்புக், ஆதார், போன் மூன்றையும் கையோடு எடுத்துட்டு வாங்க. டச் போன் இல்லாதவங்களும் வாங்க, வங்கிக்குக் கூட வர்றேன். கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்திருப்பேன். கியூஆர் போடக் கத்துக்கிட்டவங்க ஆளுக்கு ஒருத்தருக்குக் கத்துக் கொடுத்தால் போதும், நம் கூட்டமைப்பில் விட்டுப் போனவங்க யாரும் இருக்க மாட்டாங்க.